கேபின் எங்கே போச்சு?

'லோரெட்டா' படகு, மிசிசிப்பி ஆறு
ஜூன் 18, 1989

அன்புள்ள தம்பி டெல்பர்ட்,

அக்கா வெர்னா சௌக்கியம். படகுச் சமையல்காரி இளைத்துப்போனால்தான் ஆட்கள் கவலைப்பட வேண்டும் என்று கேப்டன் சொல்கிறார். அந்தக் கவலையை நான் இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. ஏணியில் ஏறும்போது ஏணிதான் முனகுகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பெல்மோரில் மழை உண்டா? சோளம் எந்த உயரம்?

என் பெண் டோன்யாவுக்குப் பிறந்தநாள் அட்டை அனுப்பினேன். பதிலே காணோம். இருபத்தொரு வயதானால் அம்மாவுக்கு எழுதக்கூடாது என்று அயோவாவில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்களா? தானியக் கிடங்கில் எடை போடுகிற வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறதா? நான் வாங்கிக் கொடுத்த சின்ன பிக்கப் வண்டியைக் கழுவுகிறாளா, இல்லை மழைதான் கழுவுகிறதா? பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டின்மேல் ஒரு டென்னிஸ் பந்தை வெட்டி, ஊதா வர்ணம் அடித்துச் செருகிக் கொடுத்தேனே, அது இருக்கிறதா என்று பார். அது இல்லாவிட்டால் அந்தக் குண்டு யார் காலையாவது பதம் பார்த்துவிடும்.

அப்புறம் கொட்டகையில் கிடக்கிற நம்முடைய ஐம்பத்தொன்றாம் வருட செவர்லே பிக்கப். பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. நவம்பரில் ஆறு உறைந்ததும் இறங்குவேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் கிளப்பலாம். அதுவரை நீ அதில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகக்கூடாது. என் துப்பாக்கியைக் கொடுத்து வெல்டிங் மெஷின் வாங்கியவன் நீ. நான் மறக்கவில்லை.

உன்னையும் அவளையும் நினைத்துக்கொண்டு,
வெர்னா

பெல்மோர், அயோவா
ஜூலை 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. முதுகு இருந்த இடத்தில் இருக்கிறது. சோளம் என் இடுப்புக்கு வந்துவிட்டது. மழை போதும்.

டோன்யா நன்றாகச் சாப்பிடுகிறாள். படுக்கையை விட்டு எழுவதில்லை. வேலைக்கு லீவு. உன் அட்டையைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறாள். எழுதுவாள்.

ஒரு விஷயம், கோபப்படாதே. பழைய வண்டியைப் பிரித்துவிட்டேன். அதன் சேஸிஸைத் துரு தின்றுவிட்டது, அடிச்சட்டம் முழுக்க. கையால் கிள்ளினால் பிய்ந்து வருகிறது. ஆனால் மேல் உடம்பு இரும்பாக இருக்கிறது. ஆள் உட்காரும் கேபின், மட்கார்டு, பின்தொட்டி எல்லாவற்றையும் கொட்டகை உத்தரத்தில் சங்கிலிக் கப்பி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். புது மாடல் சேஸிஸ் ஒன்று கிடைத்தது. அதன்மேல் உட்கார வைக்கப்போகிறேன். பிரேக்கை மிதித்தால் நிற்கிற வண்டியாக இருக்கும்.

உன்னைக் கேட்காமல் தொட்டது தப்புதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
டெல்பர்ட்

'லோரெட்டா'
ஜூலை 14

அடேய் டெல்பர்ட்,

சௌக்கியமாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும்வரை. படித்துக்கொண்டே ரொட்டியைக் கருக்கிவிட்டேன். பன்னிரண்டு ஆட்கள் கரியைத் தின்றார்கள். அது உன் கணக்கில்.

'கிடைத்தது' என்று எழுதியிருக்கிறாய். சேஸிஸ் என்ன காளானா, மழை பெய்தால் கிடைப்பதற்கு? யார் கொடுத்தான்? எதைக் கொடுத்து வாங்கினாய்? என் வீட்டில் இன்னும் மிச்சமிருப்பது தையல் மெஷினும் அம்மாவின் கடிகாரமும். இரண்டும் இருக்கிற இடத்தில் இருக்கின்றனவா?

எனக்கு ஒரு சந்தேகம். டெ மாய்ன் நகரத்திலிருந்து வருடாவருடம் ஒரு தொப்பிக்காரன் வந்து நம் வண்டியை மாட்டைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்துவிட்டுப் போவானே, புரூயிட், அவன் இந்த வருடம் வந்தானா? புது சேஸிஸ் போட்டுக் கொடு, கொண்டுபோகிறேன் என்றானா? என் பாதியையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்க்கிறாயா? நேராகச் சொல். உனக்கு எப்போதுமே காரியம் முடிந்த பிறகுதான் அக்கா ஞாபகம் வரும்.

டோன்யா ஏன் எழுதவில்லை? லீவு போட்டுவிட்டுப் படுத்துக் கிடக்கிற பெண்ணை நான் பெறவில்லையே. நீ அவளுக்குச் செல்லம் கொடுக்கிறாய். படகு ரேடியோ வழியாக வீட்டு போனுக்குக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். அதில் பேசினால் செயின்ட் பால் முதல் செயின்ட் லூயிஸ்வரை அத்தனை படகுக்காரனும் காபியோடு உட்கார்ந்து கேட்பான். என் குடும்பத்து அசிங்கம் எனக்குள்ளேயே இருக்கட்டும்.

பதில் எழுது. இந்தத் தடவை முழுசாக எழுது.
வெர்னா

பெல்மோர்
ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்கா,

தையல் மெஷின் இருக்கிறது. கடிகாரமும் இருக்கிறது, சாவி கொடுத்தேன். புரூயிட் வந்தான். விற்பதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். இது சத்தியம்.

சேஸிஸ் திருட்டு இல்லை. விலை கொடுத்தும் வாங்கவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரரே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வேலை நடக்கிறது. கேபினை இறக்கி வைத்துப் பார்த்தால் முன்சக்கரம் மட்கார்டுக்கு நடுவில் வரவில்லை. இரண்டு விரல் பின்னால் நிற்கிறது. பிடிமானங்களை வெட்டி நகர்த்திப் பற்றவைத்தேன். கிளட்ச் இல்லை. பழைய தரையில் கிளட்ச் மிதி வந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்துவிட்டேன். இப்போது இரண்டே மிதிதான். ஒரு கால் இருந்தால் போதும், ஓட்டலாம்.

டோன்யாவுக்குக் காலையும் மாலையும் பயிற்சி. பெரிய ஊரில். சாயங்காலம் வந்தால் களைத்துத் தூங்கிவிடுகிறாள். அதனால்தான் எழுதவில்லை. நல்ல தைரியசாலி, உன்னைப்போல.

ஆற்றில் பார்த்து நட.
டெல்பர்ட்

'லோரெட்டா'
ஆகஸ்ட் 13

அன்புள்ள தம்பி, அன்பு பாதிதான், மீதி நீ எழுதப்போகும் பதிலைப் பொறுத்தது.

எனக்கு இங்கே குறைவில்லை. வெயில் அடுப்புக்கு வெளியேயும் அடுப்பாக இருக்கிறது. முதுகுக்குத் தைலம் தேய்.

என்ன பயிற்சி? டைப் அடிக்கவா, முடி வெட்டவா? எந்தப் பெரிய ஊர்? பையன் யாராவது இருக்கிறானா? இருந்தால் சொல்லிவிடு, நான் கடிக்கமாட்டேன். முதலில் பார்ப்பேன், அப்புறம்தான் கடிப்பேன்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் உன் கதையை எடுத்தேன். எங்கள் இன்ஜின்காரர் ஹோபர்ட்டும் இதே மாதிரி ஒரு வண்டி கட்டினவராம். நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தைத் தின்றுகொண்டே சொன்னார்:

"வெர்னா, நல்லா ஓடுற புது வண்டிய எவனாவது வெட்டுவானா? நாங்க தேடுறதே உருண்ட வண்டியத்தான்."

"உருண்டதுன்னா?"

"பள்ளத்துல தலைகீழா உருண்டது. மேல கேபின் சப்பையா நசுங்கியிருக்கும். கீழ சேஸிஸ்ல ஒரு கீறல் இருக்காது. நசுங்குனத அறுத்துப் போட்டுட்டா, கீழ இருக்கறது புதுசு."

"உள்ள இருந்த ஆளு?"

"அத நாங்க கேக்கறதில்ல. கேட்டா அப்புறம் ஓட்ட மனசு வராது. இன்னொரு துண்டு வை."

வைத்தேன். டெல்பர்ட், அந்த சேஸிஸுக்கும் மேலே ஒரு கேபின் இருந்திருக்குமே? அது எங்கே போச்சு? 'சொந்தக்காரர்' என்கிறாய், ஒரு பெயர் சொல்ல மாட்டேன் என்கிறாய். செத்துப்போனவன் வண்டியா? திருட்டு வண்டியின் நம்பரைத் தேய்த்துவிட்டு எவனாவது உன் தலையில் கட்டிவிட்டானா? போலீஸ் வந்து உன்னைப் பிடித்துக்கொண்டு போனால் உனக்குச் சோறு போட நான் படகை விட்டு இறங்க முடியாது, தெரியுமல்லவா? போன தடவை டோன்யாவின் குடல்வால் ஆபரேஷனுக்கு ஓடிவந்ததற்கு ஒரு வருடம் என்னை எந்தப் படகிலும் சேர்க்கவில்லை. லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் தட்டு கழுவினேன். இந்தத் தடவை பருவம் முடியும்வரை இறங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறேன்.

எனக்குப் படம் வேண்டும். வண்டியைப் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் நீ நில். டோன்யாவும் நிற்கட்டும்.

காத்திருக்கும்,
வெர்னா

பெல்மோர்
செப்டம்பர் 3

அன்புள்ள அக்கா,

இங்கே வெயில் குறைந்துவிட்டது. தைலம் தேய்த்தேன்.

படம் இதோடு இருக்கிறது. கேபின் உட்கார்ந்துவிட்டது. பின்தொட்டி இன்னும் மாட்டவில்லை, அதனால் பின்பக்கம் சேஸிஸ் வெறுமனே தெரிகிறது. சுத்தமாகத் தேய்த்துக் கறுப்பு அடித்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பது நான்தான். இளைத்துவிட்டேன் என்று நீ சொல்லப்போகிறாய்.

டோன்யா படத்தில் இல்லை, ஏனென்றால் எடுத்தது அவள். உட்கார்ந்தபடியே எடுத்தாள். பையன் யாரும் இல்லை.

கேபினைப் பற்றிக் கேட்டாய். பழைய இரும்புக்குப் போய்விட்டது.

டெல்பர்ட்

'லோரெட்டா'
செப்டம்பர் 15

டெல்பர்ட்,

படத்தில் உன்னை நான் பார்க்கவே இல்லை. வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கறுப்புச் சேஸிஸ். கடைசியில் டிரெய்லர் குண்டு. அதன்மேல் ஊதாப் பந்து.

எல்லாவற்றையும் கழற்றினாய், தேய்த்தாய், வர்ணம் அடித்தாய். அடித்து முடித்ததும் காலில் இடிக்குமே என்று பந்தை எடுத்துத் திரும்பச் செருகியிருக்கிறாய். செருகும்போது யோசித்திருக்கக்கூட மாட்டாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். நீ ஒரு பொய்யும் எழுதவில்லை. படுக்கையை விட்டு எழுவதில்லை. பயிற்சி. ஒரு கால் போதும். உட்கார்ந்தபடியே. எல்லாம் எழுதியிருக்கிறாய். நான்தான் பழைய இரும்பு வண்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேபினுக்குள் என் பெண் எவ்வளவு நேரம் கிடந்தாள்?

தபாலும் சாமானும் கொண்டுவரும் அடுத்த படகில் பதில் வராவிட்டால் ரேடியோவை எடுப்பேன். ஆறே கேட்கட்டும்.

வெர்னா

பெல்மோர்
செப்டம்பர் 21

அக்கா,

உயிருக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைப் படி. டோன்யா நன்றாக இருக்கிறாள்.

ஜூன் மாதம், வேலைக்குப் போகிற வழியில். சரளைக்கல் ரோட்டில் மான் குறுக்கே வந்தது. திருப்பினாள். வண்டி பள்ளத்தில் இறங்கி உருண்டது. கேபின் கூரை ஸ்டீயரிங்வரைக்கும் இறங்கிவிட்டது. பக்கத்துப் பண்ணை டீட்ரிக் ஜாக்கி கொண்டுவந்தார். நானும் அவரும் தூக்கினோம். எவ்வளவு நேரம் என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை அக்கா. என்னைத் திட்டிக்கொண்டேதான் கிடந்தாள், அதனால்தான் எனக்குத் தெம்பு வந்தது. இடது இடுப்பும் தொடையும் உடைந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் என் சட்டையைப் பிடித்தாள்.

"மாமா, அம்மாவுக்கு எழுதுனீங்களா?"

"இப்பத்தான் எழுதப் போறேன்."

"எழுதக்கூடாது. அம்மா தண்ணியில குதிச்சு நீந்தி வந்துரும். அப்புறம் எவன் வேல கொடுப்பான்? மறுபடி தட்டு கழுவணுமா?"

"அக்காகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

"பொய் சொல்லாதீங்க. மிச்சத்தச் சொல்லாதீங்க, அவ்ளோதான்."

சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் இந்த மாதிரி விஷயத்தில் கெட்டிக்காரன் இல்லை என்று உனக்கே தெரியும். அவள்தான் பழைய வண்டியை எடுக்கச் சொன்னாள். நசுங்கின பிக்கப்பை நம் கொட்டகைக்கு இழுத்து வந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, படுக்கைக்குப் போகுமுன் சக்கர நாற்காலியிலேயே வந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"மாமா, என் வண்டிக்குக் காலு நல்லாருக்கு, தலைதான் போச்சு. அம்மா வண்டிக்குத் தலை நல்லாருக்கு, காலுதான் போச்சு. என்ன யோசிக்கிறீங்க? வெல்டிங் மெஷின் எதுக்கு வாங்குனீங்க?"

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். அடுத்த மாதம் கைத்தடி என்கிறார்கள். இடது காலில் எப்போதும் கொஞ்சம் நொண்டல் இருக்கும்.

என்னைத் திட்டு. அவளைத் திட்டாதே. அவள் எழுதியதும் இதோடு இருக்கிறது.

டெல்பர்ட்

அம்மா,

மாமா அழுதுகொண்டே எழுதுகிறார், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். நான் சௌக்கியம். நிஜமான சௌக்கியம், மாமா எழுதுகிற சௌக்கியம் இல்லை.

உனக்கு எழுத உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்றுதான் எழுதவில்லை. தயவுசெய்து படகை விட்டு இறங்காதே. நீ இறங்கினால் இத்தனை மாதம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது தண்டம். மாமாவும் ஒன்பது கிலோ இளைத்தது தண்டம்.

பந்தைப் பார்த்துவிட்டாயாமே. அது உருண்டபோதுகூடக் கழன்று விழவில்லை, அம்மா.

டோன்யா

'லோரெட்டா'
அக்டோபர் 2

டெல்பர்ட்டுக்கும் டோன்யாவுக்கும், ஒரே காகிதத்தில், ஏனென்றால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே கூட்டம்.

என் உடம்பு கல்லுமாதிரி இருக்கிறது. அதை விசாரிக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று பெட்டியைக் கட்டிவிட்டேன். படகு லாக்குக்குள், அந்தத் தண்ணீர் மட்டம் மாற்றும் மதகுக்குள், நுழைந்ததும் கரைச் சுவரில் ஏறி, பெட்டியோடு நின்றேன். கேப்டன் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹோபர்ட்தான் வந்து பெட்டியின் ஒரு பக்கப் பிடியைப் பிடித்தார். கரைக்கா, படகுக்கா, எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி நின்றார். தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, படகும் கூடவே இறங்கியது. டோன்யாவின் காகிதத்தை இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் திரும்பப் படகுக்குள்ளேயே இறங்கிவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புப் போட மறந்தேன். அத்தனை பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். படகில் எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கிறது.

மறுநாள் ரேடியோவில் உங்களைக் கூப்பிட்டேனே, என்னவெல்லாம் கேட்டேன் என்று ஆற்றில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்வார்கள். டோன்யா, நீ "நடக்கிறேம்மா, நடக்கிறேன்" என்றாய். கேட்டேன். ஆனால் ரேடியோவில் குரல்தான் வருகிறது, கால் வருவதில்லை. கடிதத்தில் நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். உங்கள் எழுத்தை நான் இனிமேல் நம்புவதாக இல்லை.

அதனால் இதைக் கேளுங்கள். பருவம் முடிந்து நவம்பர் இருபத்திரண்டு அன்று கியோகக் படகுத்துறையில் இறங்குவேன். பஸ் ஏற மாட்டேன். அந்த வண்டி வர வேண்டும். டோன்யா ஓட்டிக்கொண்டு வர வேண்டும், தனியாக. டெல்பர்ட், நீ பக்கத்து சீட்டில்கூட உட்காரக்கூடாது. நீ ஓட்டிவந்து ஊருக்கு வெளியே இடம் மாறிக்கொள்வீர்கள், எனக்குத் தெரியாதா? வண்டியிலிருந்து யார், எந்தக் கதவு வழியாக, எந்தக் காலை முதலில் வைத்து இறங்குகிறார்கள் என்று பார்க்கப்போகிறேன். அதுவரை உங்கள் இரண்டு பேரோடும் எனக்குப் பேச்சு இல்லை.

பாலும் முட்டையும் அவளுக்குக் கொடு. நீயும் சாப்பிடு, கழுதை.

வெர்னா

ஓட்டம்வா, அயோவா, சாலையோர மோட்டல் ஒன்றில்
நவம்பர் 22

அன்புள்ள தம்பி,

பனி கொட்டுகிறது, ராத்திரிக்கு இங்கேயே தங்கிவிட்டோம். இந்தக் கடிதம் எங்களுக்குப் பிறகுதான் உன் வீட்டுக்கு வந்து சேரும். இருந்தாலும் எழுதுகிறேன். உன்னோடு இன்னும் பேசுவதாக இல்லை, எழுதுவதில் தப்பில்லை.

துறையில் காலையிலிருந்து நின்றேன். படகுக்காரர்கள் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. ஏதேதோ கயிற்றைச் சுற்றுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு என்னோடு நின்றார்கள். மத்தியானம் நம் வண்டி வந்தது. பச்சை வர்ணம் நன்றாக இருக்கிறது. முன்சக்கரம் மட்கார்டுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஹோபர்ட் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. நான் சீட்டுக்குப் பின்னாலும், பின்தொட்டித் தார்ப்பாய்க்குள்ளும் பார்த்தேன். நீ ஒளிந்திருப்பாய் என்று நினைத்தேன், மன்னித்துவிடு.

ஓட்டுநர் கதவு திறந்தது. முதலில் வலது கால். அப்புறம் கைத்தடி. அப்புறம் அந்த இடது கால், மெதுவாக. "பாத்துக்கோம்மா, ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக் காட்டினாள், திமிர் பிடித்தவள்.

நான் அதையெல்லாம் மறுபக்கத்திலிருந்து வண்டிக்கு அடியில் குனிந்துதான் பார்த்தேன். அவளிடம் ஓடலாம் என்று பின்னால் சுற்றி வந்தேன். டிரெய்லர் குண்டு நேராக என் காலில் இடித்தது. எலும்பே கழன்ற மாதிரி கத்தினேன். அந்தப் பந்தை எங்கேடா கழற்றி வைத்தாய்? நான் பார்த்துவிட்டேன் என்றதும் பயந்துபோய்க் கழற்றிவிட்டாயாமே, அவள் சொன்னாள். மூளை இருக்கிறதா உனக்கு?

கட்டிக்கொண்டு அழுதோமா என்று கேட்பாய். எங்கே அழுவது, நான் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தேன், அவள் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹோபர்ட்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். பரிமாறுகிற பெண் எங்களைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"அடடா, ரெண்டு பேருக்கும் கால்ல என்ன ஆச்சு?"

டோன்யா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "எல்லாம் அந்த ஒரே வண்டிதாங்க."

பந்தைத் தேடி எடுத்து வை. நாளைக்கு வந்ததும் நானே செருகுகிறேன்.

இரண்டு நொண்டிகளின் அன்போடு,
அக்கா